சொம்புத் தண்ணீர்

பஃபலோ ரோடு
18 மார்ச் 2024

என் நாத்தனார் புஷ்பவள்ளிக்கு அண்ணி கண்மணி எழுதிக்கொள்வது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் முழங்கால் உன் முழங்காலை ரொம்பவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னது. உன் மகள் அனிதா வேலைக்கு நேரத்துக்குப் போகிறாளா, இல்லை இன்னும் டாக்சிதானா?

நீ சொன்னபடி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் கூப்பிட்டால் நீ “அண்ணி” என்கிறாய், நான் “புஷ்பம்” என்கிறேன், அதற்கு மேல் இரண்டு பேரும் அழுதுகொண்டே இருக்கிறோம், கடைசியில் அனிதா வந்து போனை வைத்துவிடுகிறாள். உன் அண்ணன் போய் ஒரு மாதம் ஆகிறது, நாம் உருப்படியாக ஒரு விஷயம் பேசி முடித்ததில்லை. இங்கேயிருந்து ஈசூனுக்கு ரயில் ஏறினால் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். ஆனால் பேனா அழாது என்று நீ சொன்னது சரிதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அனிதாவிடம் காட்டாதே. கோடு கோணலாகப் போவதற்குக் காரணம், கண்ணாடி போடாமல் எழுதுகிறேன். அவர் போட்டோவுக்கு எதிரில் கண்ணாடி போட மனசு வரவில்லை. “கண்ணாடி போட்டா டிக்கெட் செக்கர் மாதிரி இருக்கே” என்பாரே. பஸ் ஓட்டினவருக்குச் செக்கரைக் கண்டால் பிடிக்குமா?

முதல் மாசியம் நல்லபடி முடிந்தது. தெம்பனிசிலிருந்து உங்கள் சித்தப்பா முத்துராமன் காய்ச்சலோடு வந்தார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்கினார். “வீட்டுல படுத்திருக்கலாமே சித்தப்பா” என்றேன். “துக்கத்துக்கு வராம இருந்தா என்னை என்ன சொல்லுவாங்க? இது மனவேதனைக் காய்ச்சல்” என்றார். மனவேதனையோடு இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டு, இரண்டு நாள் ஹாலிலேயே படுத்திருந்துவிட்டுப் போனார்.

இப்போது முக்கியமான சேதி. யாரிடமும் சொல்லாதே. போட்டோவுக்கு முன்னால் வைத்த அவருடைய சொம்புத் தண்ணீர் தினமும் குறைகிறது. முதலில் நான் நம்பவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன். காலையில் விளிம்பு வரை ஊற்றினால் மறுநாள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஃபேன் போட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே, காற்று வந்தால்தான் அவருக்கு எதுவும் உள்ளே இறங்கும். குறைந்ததை மட்டும் ஊற்றி நிரப்பி, ஒரு துளசி இலை போட்டு வைக்கிறேன். எல்லாவற்றையும் கொட்டி மாற்றுவதில்லை. மாற்றினால் அவர் குடித்தது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு குறை. குடித்து முடித்ததும் “ஹாஆ” என்று ஒரு சத்தம் போடுவாரே, பஸ் கதவு திறக்கிற மாதிரி. வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன். இப்போது தண்ணீர் குறைகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

மருந்து மறக்காமல் சாப்பிடு. உப்பைக் குறை. உனக்கு நானும் எனக்கு நீயும்தான் மிச்சம்.

அண்ணி
கண்மணி


ஈசூன்
26 மார்ச் 2024

அண்ணிக்கு, புஷ்பம் வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்க சாப்பிட்டீர்களா? அதை முதலில் சொல்லுங்கள். ஒரு ஆளுக்குச் சமைக்க என்ன இருக்கிறது என்று ரொட்டியைத் தேநீரில் முக்கித் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. என் முழங்காலும் உங்கள் முழங்காலும் சேர்ந்து ஒரு நாள் டாக்டரிடம் போகட்டும். நாம் வீட்டில் இருக்கலாம்.

சொம்பு விஷயம் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அண்ணனுக்குத் தாகம் அதிகம். நான் வேறொன்றும் சொல்லப்போவதில்லை.

எங்கள் பேட்டையில் ஒரு கூத்து நடக்கிறது. வாரா வாரம் ஆட்கள் வந்து பெட்டியைத் திறந்து கொசுவைப் பறக்க விடுகிறார்கள். அரசாங்கமே விடுகிறது அண்ணி! முதல் நாள் பார்த்தபோது நான் போலீசைக் கூப்பிடப் போனேன். அனிதாதான் தடுத்தாள். அதெல்லாம் ஆண் கொசுவாம், கடிக்காதாம். மாப்பிள்ளைக் கொசு. அதைக் கட்டிக்கொண்ட பெண் கொசு முட்டை போட்டாலும் பொரிக்காதாம். இப்போது எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் தேடினாலும் கொசு கிடையாது. “அரசாங்கம் கொசுவுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்க்குது, எனக்குப் பார்க்க ஆளில்லை” என்று அனிதா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறாள். ஆண் கொசு கடிக்காது, சரி. காதுகிட்ட வந்து பாட்டுப் பாடுமே, அதற்கு என்ன வழி என்று பெட்டி திறந்தவனைக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த மாசியத்துக்கு நான் முன்னாலேயே வந்து தங்குகிறேன். பூ நான் கட்டுகிறேன். நீங்கள் கட்டினால் மாலை இல்லை, முடிச்சு.

வயிறு காயப் படுக்காதீர்கள்.

உங்கள்
புஷ்பம்


பஃபலோ ரோடு
21 ஏப்ரல் 2024

புஷ்பத்துக்கு அண்ணி எழுதுவது.

வீடு போய்ச் சேர்ந்தாயா, ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? நீ தங்கிப் போன பிறகு வீடு இன்னும் பெரிசாகிவிட்டது. நீ விட்டுப்போன தைலம் இங்கேதான் இருக்கிறது. தேடாதே.

அண்ணன் போட்டோ எதிரில் உட்கார்ந்து பூக் கட்டும்போது நீ பட் பட்டென்று காலில் அடித்துக்கொண்டே இருந்தாயே. எனக்கு ஒன்றும் கடிக்கவில்லை. என் ரத்தம் கசந்துபோயிருக்கும். அந்தக் கொசுக்கடி சும்மா இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு மஞ்சள் துணியை நீளமாகக் கட்டிவிட்டார்கள். நான் ஏதோ விழா என்று நினைத்துக்கொண்டேன். கோப்பிக்கடையில் கேட்டால், டெங்கியாம். நான்கைந்து வீட்டில் காய்ச்சலாம்.

நேற்று ஒரு பெண் அரசாங்கத்திலிருந்து கொசுச் சோதனைக்கு வந்தாள். பெயர் ஷபானா, நம் தமிழ்தான் பேசுகிறாள். இடுப்பில் டார்ச், கையில் ஒரு குட்டிக் குப்பி. வாளிக்குள்ளே பார்த்தாள், கழிவறைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள், துணி காயப்போடுகிற மூங்கில் சொருகும் குழாய்க்குள் டார்ச் அடித்தாள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்தாள். பெண் பார்க்க வந்த உன் அம்மாகூட என்னை இத்தனை உற்றுப் பார்க்கவில்லை.

கடைசியில் போட்டோ பக்கம் வந்தாள். நான் குறுக்கே நின்றுகொண்டேன்.

“ஆண்ட்டி, அந்தச் சொம்பு?”

“அது அவர் தண்ணி. யாரும் தொடக்கூடாது.”

அவள் போட்டோவைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தினம் மாத்துறீங்கதானே?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று கேட்காதே. ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், அப்படி ஒரு ஆட்டு. நல்ல பெண். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் புஷ்பம். மேல்மாடி ரகுபதி. நடைபாதை முழுக்கச் செடி வைத்திருக்கிறானே, ஆர்க்கிட். செடிக்குக் கீழே தட்டு, தட்டில் தண்ணீர். ஒரு ஆள் தன் வீட்டு வாசலில் என்ன வளர்க்கிறான் என்று பார்க்காமல் இருந்தால் ஊரே படுக்கவேண்டியதுதான். இவனுக்குப் புத்தி வேண்டாம்?

சொம்பு வழக்கம்போல் குறைகிறது. நீ இருந்த இரண்டு நாளும் கூடுதலாகவே குடித்தார். தங்கையைப் பார்த்த சந்தோஷம்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்மணி


பஃபலோ ரோடு
5 மே 2024

புஷ்பத்துக்கு.

என்மேல் ஏதாவது கோபமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. போன் அடித்தால் அனிதா எடுத்து, “அம்மா குளிக்கிறாங்க அத்தை” என்கிறாள். காலையில் குளிக்கிறாய், மத்தியானம் குளிக்கிறாய், சாயந்திரமும் குளிக்கிறாய். நீ மீனா?

இங்கே மஞ்சள் துணியை அவிழ்த்துவிட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். காய்ச்சல்காரர்கள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தம். புகை அடிக்க வந்தார்கள், நான் அவர் போட்டோவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் கேட்காமலே இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் நான்தான் குடித்தேன்.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவருடைய பழைய டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனேன். பட்டப்பகல்தான், ஆனாலும் ஷபானா அடித்தாளே, நானும் அடித்தேன். மூன்றாவது தொட்டிக்குக் குனிந்தபோது ரகுபதி கதவைத் திறந்துவிட்டான்.

“அக்கா, என்ன தேடுறீங்க?”

“உன் கொசுவை.”

“கொசுவா? டார்ச் அடிச்சு என் செடியைத் தூக்கத்துல எழுப்பாதீங்க லா.”

பிறகு ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காட்டினான். எல்லாவற்றிலும் மணல். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. “பொண்டாட்டி போனதிலிருந்து இதுங்கதான்க்கா. நான் கொசுவுக்கா தண்ணி வைப்பேன்?” என்றான். என்னை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தான். சந்தேகப்பட்டுப் போன வீட்டில் மைலோ குடிப்பது போல் ஒரு கஷ்டம் கிடையாது. ஆனாலும் எனக்கு அவன்மேல் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு சுத்தமாக இருப்பவன் எதையோ மறைக்கிறான்.

மறுநாளே அவனுக்குக் காய்ச்சல். வளர்த்தவனையே கடித்துவிட்டது பார் என்று நினைத்தேன். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீ ஒரு வரியாவது எழுது. குளியலறையிலிருந்தே எழுது.

கண்மணி


ஈசூன்
9 மே 2024

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அண்ணி அவர்களுக்கு,

நான் இங்கு இறையருளால் நலமாக உள்ளேன். அதுபோல் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எனது வலது கையில் சுளுக்கு ஏற்பட்டுள்ள காரணத்தால், எனது அன்பு மகள் செல்வி அனிதா இக்கடிதத்தை என் சார்பாக எழுதுகிறாள். சுளுக்கு ஓர் ஆபத்தான நோய் அன்று. ஆகவே, தாங்கள் கவலைப்பட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடியிருப்புப் பேட்டை தூய்மையாகவும் பசுமையாகவும் திகழ்கிறது. அண்மையில் பெய்த மழையால் மரங்கள் பூத்துக் குலுங்குகின்றன. உடல்நலம் பேணுவது நம் ஒவ்வொருவரின் தலையாய கடமையாகும். எனவே, தாங்கள் சத்தான உணவை உட்கொண்டு, நாள்தோறும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். தற்சமயம் எங்கள் இல்லத்திற்கு வருகை தருவதைத் தவிர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில், வீட்டில் வண்ணம் பூசும் பணி நடைபெறுகிறது.

தங்கள் பொன்னான நேரத்திற்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள நாத்தனார்,
புஷ்பவள்ளி

அண்ணி, சொம்பு பத்திரம்.


பஃபலோ ரோடு
14 மே 2024

புஷ்பத்துக்கு.

சுளுக்கு எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்தது. நாற்பது வருஷமாக நீ என்னைத் ‘தாங்கள்’ என்று கூப்பிட்டதில்லை. என் பொன்னான நேரத்துக்கு நன்றியும் சொன்னதில்லை. என்னை உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறாய். படித்துவிட்டு யாருக்கோ வரவேண்டிய கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி வரி மட்டும் உன் கை எழுத்து. நடுங்கிப்போய் இருக்கிறது. ஆனால் வலது கையால் எழுதியது. சுளுக்கிய கை எழுதுமா புஷ்பம்?

ஷபானா மறுபடியும் வந்தாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாள்.

சொம்பு பத்திரமாக இருக்கிறது. அலமாரியில்.

இங்கே டெங்கி வந்தவர்கள் எல்லாரும் பப்பாளி இலைச் சாறு குடிக்கிறார்கள். ரகுபதிக்கு நான்தான் இடித்துக் கொடுக்கிறேன். டாக்டர் சொன்ன மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு, இதையும் ஒரு பக்கம் குடிக்கிறான். சுளுக்குக்கும் நல்லதாம். தேக்கா சந்தையில் இலை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, இதோடு தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். கசக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. சுளுக்கியவர்கள் நிறையத் தண்ணீரும் குடிக்கவேண்டுமாம்.

வேறொன்றும் எழுத வரவில்லை.

கண்மணி


ஈசூன்
16 மே 2024

அத்தை,

அனிதா எழுதறேன். அம்மாவுக்குத் தெரியாது. நீங்க போன்ல அழுதா நானும் அழுதுடுவேன், அதான் நானும் லெட்டர்.

முதல்ல சாரி. அந்தக் கடிதம் ஸ்கூல் பரிட்சை மாதிரி இருந்துச்சுன்னு எனக்கே தெரியும். எனக்குத் தெரிஞ்ச லெட்டர் அது ஒண்ணுதான். வண்ணம் பூசுற பொய் என்னோடது. சுளுக்கு அம்மாவோடது.

அம்மாவுக்கு டெங்கி. ஏப்ரல் கடைசியில காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ரத்தத்துல பிளேட்லெட் ரொம்ப இறங்கிடுச்சு. ஒரு கட்டத்துல டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினார். இப்ப ஏறுது, அத்தை. நேத்து நர்ஸ்கிட்ட சாம்பார்ல உப்பு இல்லைன்னு சண்டை போட்டாங்க, அதனால பிழைச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன்.

எங்க பேட்டையில யாருக்குமே டெங்கி இல்லை. சோதனைக்காரங்க வந்து, கடைசியா எங்கெல்லாம் போனீங்கன்னு கேட்டாங்க. அம்மா “எங்கயும் போகல, கோயிலுக்குக்கூட”ன்னு சத்தியம் பண்ணினாங்க. நான் வெளியே போய் அவங்ககிட்ட உங்க அட்ரஸைக் கொடுத்துட்டேன். கொடுக்காம இருக்க முடியல அத்தை. உங்களையும் அது கடிச்சிருந்தா?

அம்மா ஏன் மறைச்சாங்க தெரியுமா? மாமா போட்டோ முன்னாடி பூக் கட்டும்போது சொம்புக்குள்ள ஏதோ துள்ளினதைப் பார்த்தாங்களாம். உங்ககிட்டச் சொல்ல வாய் வரலையாம். “சொன்னா சொம்பைக் கொட்டச் சொல்லிடுவாங்கடி, அண்ணிக்கு இன்னொரு தடவை தாலி இறங்கின மாதிரி ஆயிடும்”னாங்க. அப்படியே படுத்துட்டாங்க.

நீங்க அனுப்பின இலையைப் பார்த்துட்டு, “அண்ணிக்கு எப்படித் தெரிஞ்சுது?”ன்னு கேட்டாங்க. நான் ஃபேனைப் பார்த்துட்டு இருந்தேன். சாறு குடிக்கலாமான்னு டாக்டரைக் கேட்டேன், இப்ப வேண்டாம்னார். இலை பத்திரமா ஃபிரிட்ஜ்ல இருக்கு.

அனிதா


பஃபலோ ரோடு
22 மே 2024

என் புஷ்பத்துக்கு.

எனக்கு எல்லாம் தெரியும். அனிதாவைத் திட்டாதே. அவள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பதும் தெரியும். நீ படுத்துக்கொண்டு எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். எழுந்து வா, அதற்கு ஒரு நாள் உன்னை உட்காரவைத்துத் திட்டுகிறேன்.

ஷபானா இரண்டாம் தடவை வந்தபோது நடந்ததை அன்றைக்கு எழுதவில்லை. “ஆண்ட்டி, வேற பேட்டையில ஒருத்தங்களுக்கு டெங்கி. அவங்க வந்துபோன இடம் இந்த வீடு மட்டும்தான்” என்றாள். யார் என்றேன். பேர் சொல்லக்கூடாதாம். சொல்லவா வேண்டும்? அந்த மாசியத்துக்கு இந்த வீட்டில் வந்து தங்கியது யார்?

நான் விலகி நின்றேன். அவள் சொம்புக்குள் உறிஞ்சு குழாய் விட்டு எடுத்து, டார்ச் அடித்துக் காட்டினாள். அன்றைக்குத்தான் அவர் முன்னால் கண்ணாடி போட்டேன். கமா போட்ட மாதிரி குட்டிக் குட்டியாகத் துள்ளுகிறது. நான் அவருக்கென்று துளசி போட்டு வைத்த தண்ணீர்.

“கொசு ரொம்ப தூரம் பறக்காது ஆண்ட்டி. இந்தப் புளோக், பக்கத்துப் புளோக், அவ்வளவுதான். எம்ஆர்டி ரயில் ஏறுறது நாமதான். காய்ச்சலோட யாராவது இங்க வந்தாங்களா?”

மனவேதனைக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. தெம்பனிசுக்கு அப்போதே போன் போட்டேன். ஆமாம், சித்தப்பாவுக்கு அன்றைக்கு டெங்கிதான். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்துவிட்டார். சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று மூச்சு விடவில்லை. பார், அவர் துக்கம் கேட்கக் கொண்டுவந்ததை என் வீட்டுக் கொசு வாங்கி உனக்குக் கொடுத்திருக்கிறது. ரகுபதிக்கும் கொடுத்திருக்கிறது. நம் ஆட்கள் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிப்பது போல் அதுவும் மரியாதையாக வீடு வீடாகப் போயிருக்கிறது.

அபராதம் உண்டாம். பஸ் ஓட்டின காலமெல்லாம் உன் அண்ணன் ஒரு சம்மன் வாங்கினதில்லை. போன பிறகு வாங்கிவிட்டார்.

ஷபானா தானே கொட்டவில்லை. “நீங்களே ஊத்துங்க ஆண்ட்டி. சிங்க்ல வேண்டாம், கீழே வெயில்ல, காஞ்ச தரையில” என்றாள். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். லிஃப்டில் இருந்தவர்கள் வழி விட்டார்கள். சிமெண்ட் தரையில் ஊற்றினேன். அவள் பக்கத்தில் நின்றாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்ற இடத்திலேயே அந்த ஈரம் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போய்விட்டது. அந்தத் தரைக்கு என்ன தாகம் புஷ்பம்? அங்கே யார் குடித்தார்கள்?

“தண்ணி வைங்க ஆண்ட்டி, வேண்டாம்னு யாரும் சொல்லல. தினம் கொட்டிக் கழுவி வைங்க, இல்லேன்னா மூடி போட்டு வைங்க” என்றாள். மேலே வந்து சொம்பைத் தேய்த்துக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டேன். வைத்த பிறகு இருக்க முடியவில்லை. மறுபடி எடுத்து, தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு வைத்தேன்.

மூடி போட்டதிலிருந்து தண்ணீர் குறையவே இல்லை.

உன்னைப் பார்க்க வர எனக்கு முகம் இல்லை. நீ நன்றாக ஆகிவிட்டாய் என்று ஒரு வரி எழுதிவிடு, போதும்.

கண்மணி


ஈசூன்
30 மே 2024

அண்ணிக்கு, வீட்டுக்கு வந்துவிட்ட புஷ்பம் எழுதுவது.

என் உடம்பு தேவலை. கால் மட்டும் வேறு யாருடையதோ போல் இருக்கிறது. உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே? தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி? இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். என்னைப் போல் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பேனா அழாது என்று யார் சொன்னது, நானா? அப்புறம் அந்த மூடி வரியைப் படித்தேன். படித்துவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். அனிதா பயந்து ஓடிவந்தாள்.

ஏன் அண்ணி, உங்களுக்கு நிஜமாகவே புரியவில்லையா? மூடி போட்டால் அண்ணன் எப்படிக் குடிப்பார்? அவர் என்றைக்குத் தன் கையால் ஒரு மூடியைத் திறந்திருக்கிறார்? பத்துக் கிலோமீட்டர் நீள நெரிசலிலும் பஸ்ஸைச் சொருகி எடுப்பார், ஊறுகாய்ப் பாட்டில் திறக்க மாட்டார். சோற்றுப் பானை மூடியிருந்தால் வீட்டில் சமையல் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டு கோப்பிக்கடைக்குப் போய்விடுவார். அம்மா திறந்து கொடுத்தாள், அப்புறம் நான், அப்புறம் நீங்க. மூடி போட்டு வைத்துவிட்டு அவர் குடிக்கவில்லை என்று அழுகிறீர்களே, அவர் அங்கே தொண்டை காய்ந்து உட்கார்ந்திருப்பார்.

முகம் இல்லையாம், முகம். உங்கள் முகத்தை யார் கேட்டார்கள்? சொம்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். டாக்டர் என்னை ஓயாமல் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அனிதா அளவு போட்ட பாட்டிலை நீட்டிக்கொண்டு பின்னாலேயே அலைகிறாள். குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி இருக்கிறது, எனக்கு இறங்கவில்லை. அண்ணன் சொம்பு என்றால் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை. மீன் வாங்கி வாருங்கள் என்று அனிதா சொல்லச் சொன்னாள். நான் சொல்லவில்லை, அவள்தான்.

புஷ்பம்


பஃபலோ ரோடு
4 ஜூன் 2024

புஷ்பத்துக்கு அண்ணி எழுதுவது.

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். காய்ச்சல் இல்லை. முழங்கால் மட்டும் உன் வீட்டிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. நீ மெலிந்துபோய்விட்டாய், ஆனால் வாய் மெலியவில்லை. மீன் குழம்பு மீந்ததை அனிதா மறுநாள் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாளா?

இங்கே சிவப்புத் துணி இன்னும் அவிழவில்லை. ரகுபதி எழுந்து நடக்கிறான். சொம்பு சங்கதியை அவனிடம் சொன்னேன். ஒரு தொட்டித் தட்டின் மணலைத் தட்டிச் சமப்படுத்தினான். பிறகு, “அப்ப டார்ச்சை என்கிட்டக் கொடுங்க, இனிமே உங்க வீட்டுக்கு நான் சோதனைக்கு வர்றேன்” என்றான். ஒரு ஆர்க்கிட் கொடுத்தான். தட்டு இல்லாமல். ஷபானா கீழே யாரோ வீட்டில் பார்த்துவிட்டு வரும்போது என்னைக் கண்டு கை அசைத்தாள். நானும் அசைத்தேன். அபராதம் கட்டின இடத்தில் இப்படி ஒரு சிநேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

சொம்பை உன்னிடமே விட்டுவிட்டு வந்தது சரியா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். சரிதான். தினமும் தேய். குடித்து முடித்ததும் கவிழ்த்து வை. மாப்பிள்ளைக் கொசுக்களை நம்பாதே, அதுகளும் ஒரு நாள் மனசு மாறும். இங்கே அவருக்கு ஒரு டம்ளரில் வைக்கிறேன். காலையில் வைத்து, சாயந்திரம் எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன். எவ்வளவு குறைந்தது என்று விரல் விட்டுப் பார்ப்பதில்லை.

ஏன் என்று கேள். அன்றைக்கு நான் உன் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ ஹாலில் உட்கார்ந்து சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாய். அனிதா, “அம்மா, மெதுவா” என்றாள். குழாயை மூடினேன். நீ குடித்து முடித்தாய்.

நாற்பது வருஷம் நான் திட்டினது உங்கள் வீட்டுப் பழக்கம் என்று எனக்குத் தெரியாது புஷ்பம். கையில் மீனோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஹாலில் பஸ் கதவு திறந்தது.

உன் அண்ணி
கண்மணி